கழுத்தில் ஒரு கட்டடம்: கலையா, சாவிக்கொத்தா?

மார்ச் 3, வாசகர் ஒருவரின் கேள்வி

"கட்டட நகை என்று இப்போது நிறையப் படங்கள் கண்ணில் படுகின்றன. தேவாலயக் கோபுரம் மோதிரமாக, மாடி வரிசை வளையலாக, காங்கிரீட் துண்டு பதக்கமாக. சுற்றுலா போகிறவர்கள் வாங்கும் ஈபிள் கோபுரச் சாவிக்கொத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அது நூறு ரூபாய், இது பல ஆயிரம். சின்னதாக்கிவிட்டால் கலையா? எனக்கு இது பித்தலாட்டமாகத்தான் தெரிகிறது."

மார்ச் 3, இரவு

பாதி சரி என்பேன். கோவையில் ஒரு நகைப் பட்டறையில் கணினியில் மாடல் போடுவது என் பிழைப்பு. "கோபுரம் வெச்சு ஒரு டாலர் போட்டுக் குடுங்க" என்று வருகிறவர்கள் இல்லாத மாதமே கிடையாது. ஏழு நிலைக் கோபுரத்தை இரண்டு சென்டிமீட்டருக்குள் அடக்க வேண்டும். திரையில் பார்த்தால் அற்புதமாக இருக்கும், துவாரபாலகர் விரல்கூடத் தெரியும். மெழுகாகி, வார்ப்பாகி, மெருகுக்குப் போய் வந்தால் துவாரபாலகர் இருந்த இடத்தில் ஒரு பரு. அரை மில்லிக்குக் கீழே போன வேலைப்பாடு மெருகுச் சக்கரத்தில் மழுங்கித்தான் போகும்.

கட்டடத்தை அப்படியே சுருக்குவது பெரும்பாலும் தோல்வி. கட்டடத்துக்கு அழகு அது நிற்கிற இடத்தாலும் நம்மைவிட அது பெரிதாக இருப்பதாலும் வருகிறது. அதைச் சுருக்கினால் முதலில் போவது அந்த இரண்டும்தான். மிச்சம் இருப்பது ஜாடை. ஜாடைக்குச் சாவிக்கொத்து போதும்.

ஆனால் கட்டடம் செய்கிற வேலைகளில் ஒன்றை எடுத்து (சுமப்பது, மறைப்பது, இரண்டு பொருளை இணைப்பது, நிழல் தருவது) அதை உடம்பில் செய்ய வைத்தால், அது வேறு விஷயம். நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 4

உதாரணம் கேட்டீர்கள். கைஸ் பாக்கர், நெதர்லாந்துக்காரர். 1967இல் அடுப்புப் புகைக்குழாயை மாதிரியாக வைத்து அலுமினியத்தில் ஒரு கழுத்தணி செய்தார். கழுத்தைச் சுற்றி ஒரு வளைந்த குழாய், அவ்வளவுதான். கல் கிடையாது, பூ வேலை கிடையாது. அதே ஆண்டு அவரும் அவர் மனைவி எம்மி வான் லீர்சமும் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் பெரிய பெரிய உலோகக் கழுத்துப்பட்டைகளை மாடல்கள் போட்டு நடக்க வைத்துக் காட்டினார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். போட்டிருக்கிற பெண் குனிய முடியாது, சட்டென்று திரும்ப முடியாது. தோள் அஸ்திவாரம், தலை மேல்மாடி. எந்தக் கட்டடத்தின் ஜாடையும் அதில் இல்லை. ஆனால் அதைப் போட்டவுடன் உடம்பு கட்டடம் மாதிரி நிற்க ஆரம்பித்துவிடுகிறது.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

"புகைக்குழாய் எப்படிக் கட்டடம் ஆகும்" என்று கீழே ஒருவர். வீட்டுக்குள் கழிவறைக் குழாய் ஓடவில்லை என்றால் அது வீடா, சொல்லுங்கள். முகப்பு மட்டுமே கட்டடம் என்று நினைக்கிறவர்கள் வீடு கட்டிப் பார்த்ததில்லை.

மார்ச் 6

நான் முதல் நாள் போட்ட விதியை நானே உடைக்க வேண்டியிருக்கிறது. எர்ஃபுர்ட் மோதிரம்.

ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் 1998இல் பழைய யூத ஆலயத்துக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டும்போது ஒரு புதையல் கிடைத்தது. ஏறக்குறைய 28 கிலோ. மூவாயிரத்துக்கு மேல் வெள்ளி நாணயம், வெள்ளிக் கட்டிகள், நகைகள். 1349இல் கொள்ளைநோய்க்கு யூதர்கள்தான் காரணம் என்று சொல்லி ஊரே கூடி அவர்களைக் கொன்றபோது யாரோ புதைத்து வைத்தது. வைத்தவர் திரும்பி வரவில்லை. அதில் ஒரு தங்கத் திருமண மோதிரம். விரலுக்கு மேல் கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் கோதிக் கட்டடம் (இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணி) நிற்கிறது. கூர்முனை வளைவுகள், சல்லடை மாதிரி வேலை செய்த சாளரங்கள், ஆறு பக்கக் கூரை. கூரையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எபிரேய எழுத்து. ஆறையும் சேர்த்துப் படித்தால் "மஸல் டோவ்", அதாவது வாழ்த்து.

அச்சு அசலாகச் சுருக்கிய கட்டடம்தான். என் விதிப்படி சாவிக்கொத்து. ஆனால் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன்.

ஒன்று, அது எந்தக் குறிப்பிட்ட கட்டடத்தின் நகலும் இல்லை. புதுமணத் தம்பதியின் வீடு என்கிறார்கள், இடிந்துபோன எருசலேம் ஆலயம் என்றும் சொல்கிறார்கள். இரண்டுமே இப்போது கைவசம் இல்லாத கட்டடங்கள்: ஒன்று இனிமேல் வர வேண்டியது, இன்னொன்று முன்பு இருந்தது. இல்லாததைச் சுருக்க முடியாது, கற்பனையில் கட்டத்தான் முடியும். இரண்டு, செய்தவர் சாளரத்தை வரையவில்லை, உண்மையாகவே திறந்து வைத்திருக்கிறார். உள்ளே இடம் இருக்கிறது. என் பட்டறையில் நான் போடும் கோபுர டாலருக்கு உள்ளே எதுவும் இல்லை, பின்பக்கம் தட்டை, அதில் ஹால்மார்க்.

யூத மரபில் திருமண மோதிரத்தில் கல் பதிக்காமல் வெறும் உலோகமாகச் செய்வது வழக்கம். பெண்ணுக்கு அதன் மதிப்பில் ஏமாற்று இருக்கக் கூடாது என்பது காரணம். நம் மாமியார்கள் "கல்லு வேண்டாம், கல்லுக்கும் சேர்த்துத் தங்க விலை போடுவான்" என்று சொல்வது நினைவுக்கு வருகிறதா? அந்தக் கட்டுப்பாடுதான் கல்லின் இடத்தில் வீட்டை ஏற்றி வைத்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. கல் வைக்க முடியாத ஆசாரி வேறு எதில் கைவரிசை காட்டுவார்?

மார்ச் 6, பின்குறிப்பு

இதே மாதிரி வீட்டு மோதிரம் பிரான்ஸின் கோல்மாரில் 1863இல் ஒரு வீட்டுச் சுவருக்குள் கிடைத்தது. அது பாரிஸ் குளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கூரைக்கு இனாமல் பூச்சு. அதுவும் கொள்ளைநோய்க் காலத்தில் ஒளித்து வைத்ததுதான். எனக்கு எர்ஃபுர்ட்தான் பிடிக்கும்.

மார்ச் 7

"நம்மூரில் இதற்கு இணை உண்டா" என்று கேட்டவருக்கு: நகரத்தார் ஆண்கள் அறுபதாம் கல்யாணத்துக்குப் போடும் கௌரிசங்கரம். உருத்திராட்ச மாலை, நடுவே கோயில் சன்னதி மாதிரி பதக்கம், தெய்வ உருவங்களோடு. சன்னதியை நெஞ்சில் தொங்கவிட்டு நடப்பது. இதை யாரும் சாவிக்கொத்து என்று சொன்னதில்லை, சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஊருக்குள் போக முடியாது.

மார்ச் 9

பெர்லின் இரும்பு நகை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

பெர்லினில் அரசு இரும்பு வார்ப்பாலை 1804இல் தொடங்கியது. அங்கே மணல் அச்சில் இரும்பை வார்த்து நகை செய்தார்கள். கறுப்பு நிறம், தொட்டால் உடைந்துவிடும்போல் மெல்லிய வேலை. 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போருக்குப் பணம் திரட்டும்போது பெண்கள் தங்க நகையைக் கொடுத்து இரும்பு நகை வாங்கிப் போட்டார்கள். "தங்கம் கொடுத்து இரும்பு பெற்றேன்" என்று பொறித்த மோதிரங்கள் உண்டு. பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. காதணிகளிலும் மாலைகளிலும் கோதிக் தேவாலயச் சாளர வளைவுகள் வந்தன.

கவனியுங்கள், அதே வார்ப்பாலைதான் பெர்லின் குரொய்ட்ஸ்பெர்க் குன்றில் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தையும் வார்த்தது. கட்டடக் கலைஞர் ஷிங்கல் வடிவமைத்தது, 1821இல் திறந்தார்கள். தேவாலய உச்சியைக் கழற்றித் தரையில் வைத்த மாதிரி இருக்கும், முழுக்க இரும்பு. ஆக ஒரே ஆலையில் குன்றின்மேல் நிற்கிற கோபுரமும் வந்தது, காதில் ஆடுகிற கோபுரமும் வந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்த நகல் இல்லை. இரண்டும் ஒரே உலைக்குப் பிறந்த அக்கா தங்கை.

மூன்றாம் தேதி நான் எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பொருளும் செய்முறையும் பொதுவாக இருந்தால் சுருக்கம்கூடப் பொய்யாகத் தெரியாது. சிமென்ட் வீட்டைத் தங்கத்தில் வார்க்கும்போதுதான் இடறுகிறது.

மார்ச் 10

"அப்படியென்றால் கட்டடக் கலைஞர்களே நகை செய்தால் பிரமாதமாக இருக்குமே" என்கிறார் ஒருவர். இருக்க வேண்டும்தான். ஃபிராங்க் கெரி 2006இல் டிஃபனி நகை நிறுவனத்துக்குச் செய்தார், மீன் வடிவங்கள் உட்பட. ஜஹா ஹதீத் 2016இல் ஜார்ஜ் ஜென்சன் நிறுவனத்துக்குச் செய்தார், பெய்ஜிங்கில் அவர் கட்டிய வாங்ஜிங் சோஹோ கோபுரங்களின் கிடைக்கோட்டுப் பட்டைகளை எடுத்து வெள்ளியில் அடுக்கி. கெரியின் மீன்களைவிட எனக்கு ஹதீதின் மோதிரங்கள் பிடிக்கும். கோபுரத்தின் உருவத்தை விட்டுவிட்டு அதன் பட்டையை மட்டும் எடுத்து விரலின் நீளத்துக்கு ஓட விட்டார். ஆனாலும் எனக்கு ஒரு குறை: உடம்பு அதில் வெறும் மேசை. எந்த விரலில் போட்டாலும் மோதிரம் தன் பாட்டுக்கு அழகாக இருக்கிறது, விரலுக்கு எதுவும் ஆகவில்லை.

புல்காரி பி.ஜீரோ1 மோதிரம் (1999) ரோமின் கொலோசியத்தைப் பார்த்துச் செய்தது என்பது அந்த நிறுவனம் சொல்லும் கதை. சொல்லாவிட்டால் ஸ்பிரிங் என்றுதான் நான் நினைத்திருப்பேன். நல்ல ஸ்பிரிங்.

மார்ச் 10, இரவு, தலைப்புக்குச் சம்பந்தம் இருக்கிற மாதிரி இல்லாத மாதிரி

1931 ஜனவரியில் நியூயார்க்கில் கட்டடக் கலைஞர்கள் ஒரு வேடிக்கை விருந்துக்குத் தாங்கள் கட்டிய கட்டடங்களாகவே வேடம் போட்டு வந்தார்கள். கிரைஸ்லர் கட்டடம் கட்டிய வில்லியம் வான் ஆலன் தலையில் அதன் முடியை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்கிற படம் இருக்கிறது. பக்கத்தில் மற்றவர்கள் பெட்டி பெட்டியாக நிற்கிறார்கள். வான் ஆலனுடையது மட்டும்தான் உடையாகத் தெரிகிறது. அந்தக் கட்டடமே முதலிலிருந்து கிரீடம் போட்டுக்கொண்டுதானே நிற்கிறது!

மார்ச் 13

ஹதீதின் மோதிரத்தால் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை என்று எழுதிவிட்டேன். "பின் என்ன ஆக வேண்டும்?" என்று கேட்டால் அப்பத்தா காதில் போட்ட தண்டட்டியைத்தான் சொல்ல வேண்டும்.

மதுரைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பாம்படம், தண்டட்டி போட்ட கடைசித் தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். பாம்படத்தைத் தனியாக எடுத்து வெள்ளைத்தாளில் வைத்தால் எந்த நாட்டு நவீனக் கலைஞர் செய்தது என்று கேட்பார்கள். உருண்டை, சதுரக் கட்டை, தட்டு, கூம்பு, ஒன்றின்மேல் ஒன்று. பூ இல்லை, கொடி இல்லை, மயில் இல்லை. ஐரோப்பியர்கள் கனசதுரத்தைக் கண்டுபிடித்தோம் என்று குதிப்பதற்கு முன்பே நம் கிழவிகள் அதைக் காதில் ஆட்டிக்கொண்டு களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த வடிவம் பாதிக்கதைதான். குழந்தைக்குக் காது குத்தி, ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஈயக் குணுக்கு போட்டு இழுத்து இழுத்துக் காதை வளர்ப்பார்கள். தோள் தொடும்வரை வளர்ந்த பிறகு நகை. அதாவது சுமை எவ்வளவு என்று முடிவு செய்து, அதற்குத் தகுந்த தாங்கியை உடம்பிலேயே கட்டியிருக்கிறார்கள். தொங்குபாலத்தின் கம்பி மாதிரி இழுவிசையில் நிற்கிற சதை. அப்பத்தா திரும்பினால் தண்டட்டி அரை நொடி தாமதமாகத் திரும்பும். படுக்கும்போது கழற்றி வைத்தால் காது மட்டும் வெறுமனே கன்னத்தில் கிடக்கும், அது எனக்குச் சின்ன வயதில் கொஞ்சம் பயம்.

வலியை நான் அழகாக்கிக் காட்டவில்லை. அது வலிதான், குழந்தையைக் கேட்டு யாரும் செய்யவில்லை. காது அறுந்தவர்களும் இருந்தார்கள். வழக்கம் நின்றது நல்லது. வடிவமைப்பு பற்றி மட்டும் பேசுகிறேன்.

மார்ச் 14

"அவ்வளவு பெரிய நகை, கெட்டித் தங்கம், சுமக்க முடியாமல் சுமந்தார்கள் பாவம்" என்று எழுதியவருக்கு: கெட்டி இல்லை. மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. எங்கள் வீட்டில் வைத்தியச் செலவுக்கு விற்கப் போனபோது கடைக்காரர் கண் முன்னாலேயே கத்திரியால் வெட்டி, சூடு காட்டினார். அரக்கு கருகி வழிந்தது, பட்டறைக்கே வரும் அந்த வாசனை. மிஞ்சிய தகடு உள்ளங்கையில் சருகு மாதிரி. அப்பா ஒன்றும் பேசவில்லை. கடைக்காரர் மட்டும் "எல்லாம் இப்படித்தான் இருக்கும்ணே" என்றார், ஆறுதலாம்.

இன்றைக்கு அதை யோசித்தால் எனக்கு அது கட்டடக் கலைதான். வெளியே மெல்லிய தோல், உள்ளே மலிவான நிரப்பல், கனம் குறைவு, ஆனால் கனமாகத் தெரிய வேண்டும். இத்தாலியில் படுவா ஊர்க்காரர் ஜாம்பாவ்லோ பபெட்டோ எழுபதுகளிலிருந்து உள்ளீடற்ற தங்கச் சதுரங்களிலும் முக்கோணங்களிலும் கழுத்தணி செய்கிறார், அருங்காட்சியகங்கள் வாங்கி வைக்கின்றன. நம் பாம்படமும் லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கிறது, ஆனால் செய்தவர் பெயர் இல்லாமல்.

மார்ச் 17

கட்டடம் மட்டும் இல்லை, ஊரும் நகையாகிறது. அதைப் பற்றி நான் எழுதவில்லை என்று குறைப்பட்டவருக்கு மூன்று பேர்.

லீஸ்பெத் புஷ்ஷே, பெல்ஜியம். இவர் திசையையே மாற்றிவிட்டார். ஊரைச் சுருக்கி உடம்பில் போடாமல், நகையைப் பெருக்கி ஊருக்குப் போட்டார். 2009இல் ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் வண்டி ஏறாமல் தடுக்க வைத்திருக்கும் காங்கிரீட் உருண்டைக்குப் பின்னால் தோட்டின் திருகு மாதிரி ஒன்றை வைத்தார். அவ்வளவுதான், நடைபாதையில் பெரிய முத்துத்தோடு யாரோ கழற்றி வைத்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இந்த மூவரில் இவர்தான் முதல்.

பெர்ன்ஹார்ட் ஷோபிங்கர், சுவிஸ். 1988இல் உடைந்த பாட்டில் கழுத்துகளைக் கோத்துக் கழுத்தணி. உடைந்த கண்ணாடி கழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு இது எந்த ஊர் நகை என்று விளக்கத் தேவையில்லை.

ரோசான் பார்ட்லி, மெல்பர்ன். தெருவில் நடந்து, கிடக்கிற பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கி, ஓட்டை போட்டு, மாலையாகக் கோக்கிறார். மாலை அந்த நடையின் வரைபடம். யோசனை பிடிக்கிறது. மாலையாகப் பார்த்தால் சுமார்தான்.

மார்ச் 18

"குப்பையைக் கோத்தால் நகை என்றால் எங்கள் தெரு நாய்கூட நகைக்கடை வைக்கலாம்." சிரித்துவிட்டேன். வைக்கட்டும், செய்கூலி குறைவாகக் கேட்கும்.

மார்ச் 20

விலைக்கு வருவோம். முதல் கேள்வியில் இருந்த உண்மையான எரிச்சல் அதுதான்.

நாம் நகையைக் கிராமில் வாங்கிக் கிராமில் விற்கிறவர்கள். நகை என்பது கழுத்தில் கிடக்கிற வங்கி. செய்கூலியும் சேதாரமும் வீண் செலவு என்று பேரம் பேசுவோம், அதாவது வேலைப்பாட்டுக்குக் கொடுக்கிற பணம் மட்டும் நமக்கு நட்டம். கலை நகையில் கணக்கு நேரெதிர். அங்கே முழுக்கச் செய்கூலி, பொருளுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. அடகுக்கடையில் வைத்தால் டீக்குக் காசு வராது. இது பித்தலாட்டம் இல்லை, ஆனால் நம் வீட்டு நகைப்பெட்டியின் நியாயத்தோடு ஒட்டவே ஒட்டாது.

இந்த இடத்தில் சுவிஸ் நகைக் கலைஞர் ஒட்டோ குன்ஸ்லியைச் சொல்லாமல் போக முடியாது. "தங்கம் கண்ணைக் குருடாக்கும்" என்று 1980இல் ஒரு கைவளையம் செய்தார். கறுப்பு ரப்பர் குழாய், ஓரிடத்தில் மட்டும் புடைப்பு. உள்ளே தங்க உருண்டை இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் ரப்பரை அறுக்க வேண்டும், அறுத்தால் நகை போச்சு. நம்பித்தான் போட வேண்டும். இதை எங்கள் பட்டறை மூத்த ஆசாரியிடம் படம் காட்டிச் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே பித்தளை இருந்தா யாருக்குப்பா தெரியும்?" என்றார். குன்ஸ்லி செய்ததன் முழு அர்த்தமும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நான் விளக்கப் போகவில்லை.

மார்ச் 21

"அப்படியானால் சுருக்கம் செய்கிறவர்கள் எல்லாம் வேஸ்ட்டா?" இல்லை. ஆறாம் தேதிக் குறிப்பைப் படியுங்கள். பிரிட்டனின் விக்கி ஆம்பெரி ஸ்மித்தையும் பாருங்கள். வெள்ளியிலும் தங்கத்திலும் உண்மையான கட்டடங்களைத்தான் செய்கிறார், ஆனால் ப்ரூச்சில் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) அதை ஓவியம் மாதிரித் தட்டையாக்கி, ஆழம் இருக்கிற மாதிரிக் கோணத்தை இழுத்து விடுகிறார். என்ன விடலாம் என்று தெரிந்தவர் கை அது. ஜோஷுவா டிமாண்ட் என்று ஓர் அமெரிக்கர், முப்பரிமாண அச்சில் வெள்ளை வெளேரென்று மாடக் கைப்பிடிச் சுவர்களையும் வளைவுகளையும் தோளுக்கும் கழுத்துக்கும் போடுகிறார். சுருக்கவே இல்லை, உடம்புதான் கட்டடம் என்று வைத்துக்கொண்டு அதற்கு மாடம் கட்டுகிறார். பாக்கருக்குப் பேரன் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 24

சிமென்ட்டில் பதக்கம் செய்து பார்க்கப் போவதாகக் கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். பித்தலாட்டத்தில் கூட்டாளி ஆகிவிட்டீர்கள், சரி. நான் செய்து பார்த்ததில் தெரிந்தவை மட்டும்:

மணலைக் காபித்தூள் சல்லடையில் சலியுங்கள். கட்டட வேலை மணல் அப்படியே போட்டால் ஓரம் பொரியும். சிலிகான் அச்சில் ஊற்றியபின் மேசையை அடியிலிருந்து விரலால் தட்டிக்கொண்டே இருங்கள், காற்றுக்குமிழி மேலே வரும். பாலிதீன் போட்டு மூடி ஒரு நாள் அச்சிலேயே விடுங்கள், பிறகு சில நாள் ஈரத்தில். வெயிலில் காய வைத்தால் மயிரிழை விரிசல் விடும். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சட்டம் அலுமினியத்தில் வேண்டாம். ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இலகு காங்கிரீட் கல் உப்புவது இதே வித்தையில்தான், ஆனால் பதக்கத்தில் அது நமக்கு வேண்டாம். வெள்ளிச் சட்டம் நல்லது. உள்ளே மாட்டும் கொக்கிக்குச் சாதாரணக் கட்டுக்கம்பி வைத்தால் வியர்வை பட்டுத் துருக்கறை வெளியே வரும். அந்தக் கறைதான் வேண்டும் என்றால் அது உங்கள் கலை, சட்டை துவைப்பவரிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 25

கனமாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. அதே அளவு வெள்ளியைவிட நாலில் ஒரு பங்கு எடைதான் வரும். கல், சிமென்ட் என்றதும் கனம் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. காதுக்குத் தொங்கல் செய்தாலும் தாங்கும், காது வளர்க்க வேண்டியதில்லை. தகடு மூன்று மில்லிக்குக் கீழே போகாதீர்கள், கீழே விழுந்தால் உடையும். மேலே தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடையுங்கள், போதும். செய்து முடித்ததும் படம் போடுங்கள், முன்பக்கம் மட்டும் இல்லை, பின்பக்கமும்.